ஏரி தெரியும் அறையும் எட்டாம் நம்பர் அறையும்

வாசகர் கேள்வி - பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லிவிட்டேன்: மலைமேல் ஏரிக்கரையில், 14 அறைகள் மட்டுமே உள்ள ஒரு சாதாரண ஓட்டலில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான் என்று. அதோடு விட்டதா? வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிடுகிறேன். முதல் 9 வருடம் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை, அப்புறம் வரவேற்பு மேசை. அதனால் சிரித்த முகத்தோடு சாவி கொடுக்கும்போது எதைச் சொல்லாமல் விடுவார்கள் என்பதும் தெரியும், அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதும் தெரியும். ஓட்டலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். கீழே இருப்பதைப் படித்தால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

கேள்வி: இரண்டு இரவு தங்கப் போகிறோம். ஏரியைப் பார்த்த அறைக்கு வாடகை அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா அம்மா?
– பட்ஜெட் போட்டுக் களைத்த ஒரு குடும்பத் தலைவி

பதில்: அந்த அறையில் கண் விழித்து எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பகல் 12 மணிக்கு மேல் வந்து சேர்வீர்கள். பையை வைத்துவிட்டு ஏரிப் பக்கம் கிளம்புவீர்கள். திரும்பும்போது இருட்டியிருக்கும். விளக்கைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியில் ஏரி தெரியாது, நம் முகம்தான் தெரியும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். ஏரித் தண்ணீர் பகல் சூட்டை அவ்வளவு சீக்கிரம் விடாது. சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று இரவெல்லாம் இறங்கி ஏரிப் பள்ளத்தில் தேங்கும். வெதுவெதுப்பான நீரின்மேல் குளிர்காற்று உட்கார்ந்தால் மூடுபனிதான். வானம் தெளிவாக இருந்த இரவுக்கு அடுத்த காலையில், வெயில் நன்றாக ஏறும் வரை ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் போர்வைதான் தெரியும். அது கலையும் நேரத்தில் நீங்கள் பூட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள்.

எங்கள் ஓட்டலில் 3-ஆம் நம்பர் அறை இருந்தது. கீழ்த்தளம், கதவைத் திறந்தால் ஏரி. விளம்பரத் தாளில் இருந்த படம் அந்த அறையில் எடுத்ததுதான், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அதன் வெளிச்சுவரில் வெயிலே படாது. நான்கு பேர் மூச்சுவிட்டு, குளித்து, துணியை அறைக்குள்ளேயே உலர்த்தினால் அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த சுவரில் வியர்வையாகப் படியும். அலமாரியை நகர்த்தினால் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. வாரம் ஒருமுறை தேய்த்துத் துடைப்பேன், அடுத்த வாரம் மறுபடியும் அங்கேயே இருக்கும். "சுண்ணாம்பு அடித்தால் போதும்" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். அடித்தோம். பூஞ்சை சுண்ணாம்புக்கு மேலே வந்தது.

8-ஆம் நம்பர் அறை மாடியில், பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் துணி காயும் கொடியும் தண்ணீர்த் தொட்டியும். ஆனால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, விடிந்ததும் வெயில் கட்டிலில் விழும். மெத்தை எப்போதும் மொறுமொறு என்று உலர்ந்திருக்கும். வேலை செய்பவர்கள் டீ குடிக்க ஒதுங்கும் அறை அதுதான். வாடகையும் குறைவு. என் சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் பேசாமல் 8-ஆம் நம்பர் சாவியைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. வெளியே அதிகம் நடக்க முடியாத பெரியவர் கூட வருகிறார், அல்லது மதியம் தூங்க வைக்கவேண்டிய குழந்தை இருக்கிறது, பால்கனியில் உட்கார இடமும் இருக்கிறது என்றால் ஏரி பார்த்த அறைக்குக் கொடுக்கும் காசு தகும். அப்போதும் மாடி அறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த நாடு என்று இன்னும் முடிவாகவில்லை. மலைநாட்டு ஏரி என்றால் எந்த மாதம் போவது நல்லது?
– தேனிலவுக்குத் திட்டமிடும் ஜோடி

பதில்: வாழ்த்துகள். மாதத்தைக் கேட்பதற்கு முன் உயரத்தைக் கேளுங்கள். 'மலைநாடு' என்ற ஒரே சொல்லுக்குள் எது எதையோ போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து மலைநாட்டின் லாக் நெஸ் ஏரி கடல்மட்டத்திலிருந்து வெறும் 16 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம்! பெரு, பொலிவியா எல்லையில் இருக்கும் டிட்டிகாக்காவோ 3,812 மீட்டர். இடையில் சுமத்ராவின் டோபா ஏறக்குறைய 900, குவாத்தமாலாவின் அதித்லான் ஏறக்குறைய 1,560. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே 30 டிகிரி அடிக்கும் நாளில் 1,560 மீட்டரில் ஏறக்குறைய 20 இருக்கும்.

லாக் நெஸ்ஸில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே குளிருக்குக் காரணம் உயரம் இல்லை, வடக்கே வெகுதூரம் தள்ளியிருப்பது. ஜூனில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 18 மணி நேரம் நீளும். அதனால் அங்கே ஜன்னல் காட்சியைவிடத் தடித்த திரைச்சீலை இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. டிசம்பரில் 7 மணி நேர வெளிச்சம்கூடக் கிடைக்காது. கோடையில் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி வேறு. காற்றில்லாத காலையிலும் மாலையிலும் கூட்டமாக வந்து கடிக்கும், கொஞ்சம் காற்று வீசினால் காணாமல் போகும். நீர்மட்டத்தை ஒட்டிய அறையைவிடக் காற்றடிக்கும் மேட்டு அறை அங்கே உசத்தி.

டிட்டிகாக்காவில் ஜூன், ஜூலையில் வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை. அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஜூன், ஜூலையில் அங்கே வெயில் வடக்கு ஜன்னலில் விழும், அறை கேட்கும்போது ஞாபகம் இருக்கட்டும். அதித்லானில் பிற்பகல் ஷோகோமில் என்ற காற்று கிளம்பும். ஏரி அலையடிக்க ஆரம்பித்தால் சின்னப் படகில் குலுங்கிக் குலுங்கித்தான் போகவேண்டும். அக்கரை ஓட்டலில் அறை எடுத்திருந்தால் மதியத்துக்குள் போய்ச் சேரும்படி பயணத்தை வையுங்கள்.

கேள்வி: "24 மணி நேரமும் வெந்நீர்" என்றார்கள். என் கணவர் குளித்து முடித்ததும் எனக்குப் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
– குளிரில் நடுங்கியவள்

பதில்: ஏமாற்றவில்லை, பாதி உண்மை சொன்னார்கள். 24 மணி நேரமும் சுவரில் ஹீட்டர் இருக்கும். நானே போனில் ஆயிரம் முறை சொன்ன வாக்கியம் அது, இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சின்ன ஓட்டல்களில் பெரும்பாலும் 15 லிட்டர் தொட்டி மாட்டியிருப்பார்கள். அது 60 டிகிரிக்குச் சூடாகிறது என்று வையுங்கள். குளிக்க 40 டிகிரி போதும், பச்சைத் தண்ணீர் கலந்துகொள்கிறோம். சமவெளியில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி இருந்தால் 25 லிட்டர் கலக்கலாம், மொத்தம் 40 லிட்டர் கிடைக்கும். மலையில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி. 10 லிட்டர் கலந்ததுமே இதமான சூட்டுக்கு வந்துவிடும். மொத்தமே 25 லிட்டர்தான். ஹீட்டர் அதேதான், குளியல்தான் சுருங்கிவிட்டது. மறுபடி சூடாகவும் நேரம் பிடிக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் 28 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுபோக 17 நிமிடம் எடுத்தால், 10 டிகிரியிலிருந்து கொண்டுபோக 26 நிமிடம். அதுவும் மின்சாரம் சீராக இருந்தால். உங்கள் கணவர் ஷவரைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியிருப்பார், நீங்கள் ஐந்தே நிமிடத்தில் உள்ளே போயிருப்பீர்கள்.

அடுத்த முறை "வெந்நீர் வருமா" என்று கேட்காதீர்கள். "தொட்டி எத்தனை லிட்டர், அறைக்குத் தனியா, பொதுவா, சூரிய சக்தியா" என்று கேளுங்கள். சூரிய சக்தி என்றால் சாயங்காலம் குளித்துவிடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மேகம் மூடியிருந்தால் காலையில் வருவது வெந்நீர் ஆகாது. வாளியும் குவளையும் கேட்டு வாங்கிக்கொண்டால் 25 லிட்டரில் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம்.

கேள்வி: அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். குளிருக்கு இதமாக இருக்குமா?

பதில்: வேண்டாம். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் ஹீட்டருக்கும் இதே எச்சரிக்கை. புகை வெளியே போகக் குழாயும், காற்று வந்துபோக வழியும் இல்லை என்றால் வேறு அறை கேளுங்கள். இன்னொரு கம்பளி கேட்டால் எந்த ஓட்டலிலும் தருவார்கள். கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 64, அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு. டிட்டிகாக்கா ஏரியைப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மகன் விமானத்தில் நேராகவே கூட்டிப்போகிறேன் என்கிறான்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, ஆசை நியாயமானது. 'நேராகவே' என்ற சொல்தான் உதைக்கிறது. 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். வயது குறைந்தவர், உடற்பயிற்சி செய்பவர் என்ற சலுகையெல்லாம் அதற்குக் கிடையாது. மகனே முதலில் படுத்துவிடலாம், நீங்கள் இருவரும் கல்லுமாதிரி இருக்கலாம்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவின் மாத்திரை விவரம், போகும் உயரம் இரண்டையும் சொல்லுங்கள். மலைநோயைத் தடுக்கும் மாத்திரை தேவையா என்பதை அவர்தான் சொல்லவேண்டும், கூட வருகிறவர் கொடுப்பதை வாங்கிப் போடாதீர்கள். அப்புறம் பயணத்தைப் படிக்கட்டாக அமையுங்கள். பெருவில் அரெக்கிப்பா நகரம் 2,335 மீட்டரில் இருக்கிறது, அங்கே இரண்டு மூன்று இரவு தங்கிவிட்டு மேலே போகலாம். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள் எந்த ஊர்சுற்றலும் வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் அந்த இரவுகளில் கூடாது. தலைவலி இருக்கும்போது இன்னும் உயரத்துக்கு ஏறவும் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கீழே இறங்கவேண்டும்.

அறை விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: தரைத்தளம். ஈரம் பற்றி மேலே இவ்வளவு புலம்பியவள் இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அந்த உயரத்தில் இரண்டு மாடி ஏறுவது கீழே ஆறு மாடி ஏறுவதுபோல இருக்கும். அங்கே தண்ணீர்கூட 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், டீயில் சாரம் இறங்க நேரமாகும். ஓட்டல்காரர் டீயைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: "ஏரியிலிருந்து 5 நிமிட நடை" என்று போட்டிருந்த ஓட்டலுக்குப் போனேன். போவதற்கு 5 நிமிடம், திரும்பி வர 20 நிமிடம் ஆனது!

பதில்: போட்டவர் இறங்கிப் பார்த்திருக்கிறார், ஏறிப் பார்க்கவில்லை. தூரத்தைக் கேட்காமல் படிகளைக் கேளுங்கள். "கரையிலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி" என்றால் தெரியாதவர்கூட எண்ணிச் சொல்வார். அப்படியே, இடையில் சாலை இருக்கிறதா, படகுத்துறை பக்கத்திலா, ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்கள் ஜெனரேட்டர் 5-ஆம் நம்பர் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. மின்சாரம் போன இரவுகளில் மற்ற 13 அறைக்காரர்களும் விளக்கு எரிகிறதே என்று சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி: என் மகன் நன்றாக நீந்துவான். மலை ஏரியில் நீந்த விடலாமா?
– கவலைப்படும் அப்பா

பதில்: நீச்சல்குளத்தில் நன்றாக நீந்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பயத்தோடு பார்த்திருக்கிறேன். மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும், உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். உடம்பு சூடேறிக் குதிப்பார்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் உடம்பு தன்னை அறியாமல் 'ஹா' என்று மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். முதல் ஒன்றிரண்டு நிமிடம் தாண்டினால் மூச்சு சீராகும், ஆனால் அதற்குள்ளேயே பதறிப்போய்ப் பலர் மூழ்குகிறார்கள். ஆகவே குதிக்கக்கூடாது. அனுமதி உள்ள இடமாக, ஆள் காவல் இருக்கும் இடமாகப் பார்த்து, கரையோரமாகக் காலிலிருந்து மெதுவாக இறங்கவேண்டும். மூச்சு திணறினால் மல்லாந்து மிதக்கவேண்டும். ஆழத்தில் இன்னும் குளிர்: லாக் நெஸ்ஸின் அடிநீர் வருடம் முழுக்க 5, 6 டிகிரிதான். படகில் போனால் லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டியில் என்னவெல்லாம் எடுத்து வைக்கலாம், அக்கா?

பதில்: 'அக்கா' என்றதற்கு நன்றி! படுக்க மட்டும் தனியாக ஒரு ஜோடி சாக்ஸ், பகலில் நடந்ததைப் போட்டுக்கொண்டு படுத்தால் அதிலிருக்கும் ஈரமே குளிரும். டார்ச். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், வெளியே போகும்போது போனை உடம்பை ஒட்டிய சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பு பாட்டிலை ஒரு கவருக்குள் போட்டுக் கட்டுங்கள். மேலே ஏற ஏற உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடி வழியாக வழிந்துவிடும், மேலே போய்த் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கொடிக் கயிறு கொண்டுபோகாதீர்கள், அறைக்குள் துணி உலர்த்தினால் 3-ஆம் நம்பர் கதைதான்.

கேள்வி: முன்பணம் கட்டியாகிவிட்டது. போய்ப் பார்த்தால் அறை பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? சண்டை போட்டால்தான் வேலை நடக்கும் என்கிறார் என் கணவர்.
– சண்டை பிடிக்காதவள்

பதில்: முன்பணம் கட்டும்போதே எந்த அறை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கியிருக்கவேண்டும். அது இல்லை என்றால் இப்போது நேரம்தான் உங்கள் ஆயுதம். இரவு 10 மணிக்குப் போய் மேசையைத் தட்டினால் கொடுக்க அறையே இருக்காது. பையைப் பிரிக்காதீர்கள். படுக்கையில் உட்காருவதற்கு முன் மெத்தையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள், அலமாரிப் பக்கம் மூக்கைக் கொண்டுபோங்கள். உங்களில் ஒருவர் மட்டும் கீழே வந்து, "பூசண வாடை வருகிறது, உலர்ந்த அறை வேறு ஏதாவது இருந்தால் ஏரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். காலி செய்பவர்கள் கிளம்பி, அறை சுத்தம் ஆகும் மதிய நேரம்தான் இதற்குச் சரி.

கத்தியவர்களுக்கு என்ன கொடுத்தேன் என்று கேட்கிறீர்களா? அவர்கள் கேட்டதையே கொடுத்தேன். "எனக்கு ஏரி தெரியும் அறைதான் வேண்டும்" என்று மேசையைக் குத்துவார்கள், சிரித்த முகத்தோடு 3-ஆம் நம்பர் சாவியை நீட்டுவேன். எட்டாம் நம்பரை மாலை வரை யாருக்கும் எழுதாமல் வைத்திருப்பேன். அது முதலாளிக்குக்கூடத் தெரியாது.